தோளும் திசையும்

கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்பு அணைக்கு 1875ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதுவரை காலியில் நங்கூரமிட்டு வந்த பெருங்கப்பல்கள் அதன்பின் கொழும்பை நாடின. கப்பலுக்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரியை ஏற்றுவதற்கு ஆள் வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து வந்த உழைப்பாளர் கொச்சிக்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒண்டுக் குடித்தனங்களில் நெருங்கி வாழ்ந்து அவ்வேலையைச் செய்தனர். துறைமுகத்தின் சரித்திரத்தை எழுதியோர் அணையின் நீளத்தையும் கப்பல்களின் தொகையையும் எழுதினர். கூடையும் மூட்டையும் ஏறி இறங்கிய தோள்களைப் பற்றி எழுதினாரல்லர். 1927இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோதுதான், அத்தோள்களுக்கு உரிய மனிதரும் உளர் என்பதை நகரம் உணர்ந்தது.

தமிழிலக்கியத்திலும் நிலைமை பெரிதும் வேறல்ல. மன்னனின் தோள் மலையாகும். மங்கையின் தோள் மூங்கிலாகும். சுமப்பவன் தோளுக்கு உவமை தேடிய புலவர் அரியர். ஆனால், புலவர் மறந்ததை ஊரார் மறக்கவில்லை. வழிநடையில் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறச் சுமைதாங்கிக் கற்களை நட்டார்கள்.

உடலின் மூட்டுகளில் தோளே மிகுதியான திசைகளில் அசைவது. அந்தச் சுதந்திரத்துக்கு அது ஒரு விலையும் கொடுக்கிறது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோட்பட்டை எலும்பிலுள்ள ஓர் ஆழமற்ற சிறு குழியின்மேல் சாய்ந்து நிற்கிறது. தட்டின்மேல் வைத்த பந்து என்றே சொல்லலாம். அதனை நழுவாமல் பிடித்து வைப்பவை நான்கு தசைகளின் நாண்கள். பாரம் தூக்கியும் கையைத் தலைக்குமேல் உயர்த்தியும் ஆண்டுக்கணக்காக உழைப்போரிடம் இந்நாண்கள் நைந்து கிழிகின்றன. மூட்டின் குருத்தெலும்பும் தேய்கிறது. ஈற்றில் சட்டையை மாட்டுவதற்கும் தலையை வாருவதற்கும் பிறர் உதவி வேண்டியதாகிறது.

தேய்ந்த தோளை மாற்ற முடியுமா? இக்கேள்விக்கு வைத்தியம் முதல் விடையளித்த கதை உழைப்பாளி ஒருவரிடத்திலேயே தொடங்குகிறது. 1893ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாரிஸ் நகரில், காசநோயால் தோள் மூட்டு அழிந்த 37 வயதுத் தொழிலாளி ஒருவர் ஜூல் பேயான் என்ற சத்திரசிகிச்சை நிபுணரிடம் வந்தார். கையைத் தோளோடு வெட்டி அகற்ற வேண்டும் என்றபோது அவர் மறுத்துவிட்டார். கையில்லாத தொழிலாளிக்கு அந்நாளைய பாரிஸ் நகரில் என்ன வாழ்வு இருந்தது என்பதை எண்ணினால் அம்மறுப்பின் பொருள் விளங்கும். வேறு வழியின்றிப் பேயான் பல்வைத்தியர் மைக்கேல்ஸின் உதவியை நாடினார். அவர் பிளாற்றினத் தண்டும், பரபினில் கொதிக்கவைத்துக் கடினமாக்கிய இறப்பர் உருண்டையும் கொண்ட செயற்கை மூட்டொன்றைச் செய்து கொடுத்தார். ஏறத்தாழ இரண்டாண்டுகளின் பின் தொற்றுக் காரணமாக அதனை அகற்ற நேர்ந்தது. இன்று அது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நூதனசாலையில் இருக்கிறது. இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். நமது தீவில் ஹேனரத்கொடைத் தோட்டத்தில் இறப்பர் நாற்றுகள் ஊன்றப்பட்டது 1876இல். பெருந்தோட்டங்கள் பெருகியது இருபதாம் நூற்றாண்டில். ஆகவே பேயானின் உருண்டைக்கு வேண்டிய பால் பெரும்பாலும் வேறு ஏதோ காட்டில், வேறு யாரோ ஏழைகளின் கைகளால் வடிக்கப்பட்டதாகும். வைத்திய சரித்திர நூல்கள் பேயானையும் மைக்கேல்ஸையும் பெயர் சொல்லிப் போற்றுகின்றன. பால் வடித்தவர்க்கு அவற்றில் இடமில்லை.

அதன்பின் அரை நூற்றாண்டு கடந்தே இத்துறை மீண்டும் உயிர் பெற்றது. நியூயோர்க்கில் சார்ள்ஸ் நீர் என்பவர் நொறுங்கிய மேற்கைத் தலைக்குப் பதிலாக உலோகத் தலை பொருத்திய அனுபவத்தை 1955இல் வெளியிட்டார். பின்னர் குழிக்கும் பிளாஸ்ரிக் உறையொன்றைச் சேர்த்தார். ஆயினும் நாண்கள் அடியோடு கிழிந்த தோளுக்கு அம்மூட்டு போதவில்லை. பிடித்து நிறுத்த ஆளில்லாத பந்து மேல்நோக்கி நழுவிற்று. 1980களில் பிரான்சின் டிஜோன் நகரைச் சேர்ந்த போல் கிராமோன் இயற்கையின் ஏற்பாட்டையே தலைகீழாக்கினார். குழியிருந்த இடத்தில் பந்தையும், பந்திருந்த இடத்தில் குழியையும் வைத்தார். அவ்வாறு வைத்தபோது, நாண்களின் துணையின்றியே தோளின் வெளித்தசை கையை உயர்த்த வல்லதாயிற்று. சுமை தூக்கிக் கிழிந்த தோளுக்கு ஏற்ற மூட்டு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமாயின், அது இதுவே.

ஆனால், திசை தெரிய வேண்டுமே! சத்திரசிகிச்சையின்போது வைத்தியர் காண்பது தசைகளின் ஆழத்தில் கிடக்கும் குழியின் முகத்தை மட்டுமே. அதன் பின்னே தோட்பட்டை எலும்பு இலைபோல் மெலிந்து செல்கிறது. ஆணி நிலைக்கத்தக்க தடித்த எலும்பு மிகச் சிறிதளவே உண்டு. துளைக்கும் கருவி சில பாகை சாய்ந்தால் ஆணி எலும்பைக் கடந்துவிடும். அன்றேல் பொருத்திய மூட்டு சில ஆண்டுகளில் தளரும். தேய்வினால் குழியே கோணிப்போன தோளில், அனுபவம் மிக்கவரின் கண்ணும் ஏமாறுவதுண்டு.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் திசையறியும் கலை எலும்பு வைத்தியத்தில் பிறந்ததன்று. மூளை வைத்தியத்தில் பிறந்தது. 1908இல் இலண்டனில் ஹோர்ஸ்லியும் கிளார்க்கும் விலங்குகளின் மூளையில் ஒரு புள்ளியை மூன்று அளவுகளால் குறித்து ஊசியைச் செலுத்தும் சட்டமொன்றை விவரித்தனர். நம் மாணவர் வரைபுத்தாளில் இரண்டு அச்சுகளைக் கொண்டு புள்ளி குறிக்கிறார்களே, அதனோடு மூன்றாவது அச்சொன்றைச் சேர்த்தால் அச்சட்டத்தின் தத்துவம் கிடைத்துவிடும். 1947இல் பிலடெல்பியாவில் ஸ்பீகலும் வைசிசும் அதனை மனிதர்க்குப் பயன்படுத்தினர்.

இக்கலை தமிழ் நிலத்துக்கு வந்த விதம் நமக்குப் பெருமையும் சிந்தனையும் ஒருங்கே தருவதாகும். சென்னை அரசினர் பொது வைத்தியசாலையில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950இல் நரம்பியல் சத்திரசிகிச்சையைத் தொடங்கினார். 1960களில் அவரும் வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி. எஸ். கனகா ஆகியோரும் சட்டத்தின் துணையால் மூளையின் ஆழத்தில் சிகிச்சை செய்தனர். ஆசியாவின் முதற் பெண் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர்களுள் ஒருவரான கனகா, இவ்வைத்தியத்தில் தம் ஆயுளையே செலவிட்டவர். கைநடுக்க நோயினர் பலர் அங்கே பயன் பெற்றனர். உலகின் நுண்ணிய வைத்தியக் கலைகளுள் ஒன்று, ஏழைகளும் வாயில் கடந்து செல்லக்கூடிய அரசினர் வைத்தியசாலையில் வளர்ந்தது என்பது சாதாரணச் செய்தியன்று.

அதே கலை அங்கே, மூர்க்கமும் அமைதியின்மையும் கொண்டோரை அடக்குவதற்கென்றும் பயன்படுத்தப்பட்டது. அவருள் குழந்தைகளும் இருந்தனர். அக்காலத்தில் பல நாடுகளில் நடந்ததுதான் அது. ஆயினும் இன்று அதனை வாசிக்கும்போது நெஞ்சு கூசுகிறது. ஊசி எங்கே நிற்கிறது என்பதைச் சட்டம் சொல்லிற்று. அங்கே செல்லத்தான் வேண்டுமா என்பதை அது சொல்லவில்லை. தம் பொருட்டுப் பேச இயலாதோர் உடலில் அக்கேள்வியைக் கேட்கும் பொறுப்பு எவருக்கிருந்தது?

சட்டத்தின் இடத்தைக் கணினி பிடிப்பதற்கு இன்னுமொரு கண்டுபிடிப்பு வேண்டியிருந்தது. 1971 ஒக்ரோபரில் இலண்டன் புறநகர் வைத்தியசாலையொன்றில் ஹவுன்ஸ்ஃபீல்டின் யந்திரம் ஒரு நோயாளியின் தலையைக் குறுக்குவெட்டுப் படங்களாகக் காட்டிற்று. இசைத்தட்டு விற்ற ஈ.எம்.ஐ. கம்பனியின் பொறியியலாளர் அவர். அப்படங்களை அடுக்கி, உடலின் உள்ளுருவத்தைக் கணினிக்குள் அமைக்க முடிந்தது. 1997 ஜனவரியில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் கணினி வழிகாட்ட முழங்கால் மூட்டு மாற்றப்பட்டது. பின்னர் தோளின் முறை வந்தது.

அது இயங்கும் விதம் இதுதான். முன்னரே எடுத்த சி.டி. படங்களிலிருந்து தோட்பட்டையின் உருவம் கணினியில் அமைக்கப்படுகிறது. சத்திரசிகிச்சையின்போது காகத்தின் அலகு போன்ற எலும்பு முனையொன்றில் சிறு அடையாளக் கருவியொன்றைப் பொருத்துகிறார்கள். துளைக்கும் கருவியிலும் அவ்வாறே. செங்கீழ்க் கதிர்க் கமெரா இரண்டையும் இடைவிடாது நோக்குகிறது. வைத்தியர் எலும்பின் சில புள்ளிகளைத் தொட்டுக் காட்ட, கணினி படத்தையும் உடலையும் பொருத்திக்கொள்கிறது. பின் கருவியின் சாய்வும் ஆழமும் திரையில் பாகையாகவும் மில்லிமீற்றராகவும் தோன்றுகின்றன.

பலன் என்ன? 2009இல் ஜெர்மன் வைத்தியர்கள் வெளியிட்ட சிறு ஆய்வொன்றில், வழிகாட்டலுடன் செய்தோரில் குழியின் பின்சாய்வு சராசரியாக ஏறத்தாழ 15 பாகையிலிருந்து 4 பாகைக்குத் திருந்திற்று. கண்ணளவில் செய்தோரில் 14இலிருந்து 11க்கே குறைந்தது. அதே ஆய்வில் நேரம் அரைமணி கூடிற்று. ஆறு நோயாளரில் யந்திரக் கோளாறால் வழிகாட்டலையே கைவிட நேர்ந்தது. அக்கருவிகள் அதன்பின் வெகுவாகத் திருந்தியுள்ளன. ஆனால் விலை திருந்தவில்லை. மூட்டும் கமெராவும் கணிநிரலும் சில பெருங் கம்பனிகளின் கையில் உள்ளன. ஒரு கம்பனியின் வழிகாட்டி பெரும்பாலும் அக்கம்பனியின் மூட்டுக்கே வழிகாட்டுகிறது.

இங்கேதான் கொழும்புக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் ஒழிக்கப்பட்ட நாடு இது. அந்த உரிமை கொள்கையளவில் இன்றும் நிற்கிறது. ஆனால் டொலர் இல்லாதபோது அது எவ்வளவு மெலியும் என்பதை 2022 மார்ச்சில் கண்டோம். மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை வைத்தியசாலையில் அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டன. தேய்ந்த தோள் எந்நாளும் ‘அவசரமற்றது’ என்ற பட்டியலுக்கே உரியது. வசதியுள்ளோர் வெள்ளவத்தை மாடிவீட்டிலிருந்து புறப்பட்டுச் சென்னைத் தனியார் வைத்தியசாலைக்குச் சென்று வருகின்றனர். திசையறியும் கலையை அரசினர் கட்டிலருகே வளர்த்த அதே சென்னைக்குத்தான்!

துறைமுகத்தில் இன்று கொள்கலன்களைப் பாரந்தூக்கிகள் இறக்குகின்றன. ஆனால் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், புறக்கோட்டைக் கடைவீதிகளில், நாட்டாமைத் தொழிலாளர் இன்னும் மூட்டை சுமக்கின்றனர். அவர்க்கு மாதச் சம்பளமில்லை. சுமைக்கு இவ்வளவு என்பதே கூலி. 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் விபத்தை நோக்கி எழுதப்பட்டது. ஒரே கணத்தில் போன கையை அது எளிதில் அடையாளங் காணும். முப்பது ஆண்டுகளாகத் தேய்ந்த தோளைக் காட்டி, இது தொழில் தந்த காயம் என்று நிறுவுவது எளிதன்று. சரி, அத்தொழிலாளி ஒருவர்க்குக் கணினி வழிகாட்டப் புதிய தோள் கிடைத்துவிட்டதென்றே வைத்துக்கொள்வோம். வலி நீங்கும், இரவில் உறக்கம் வரும், தன் சட்டையைத் தானே மாட்டுவார். ஆனால் பொருத்திய மூட்டு தளராதிருக்க, அவர் இனி மூட்டை தூக்கலாகாது என்பதே வைத்தியரின் முதல் அறிவுரையாக இருக்கும்.