இளஞ்சிவப்பு உப்பு: இறைச்சிப் பதன உப்பின் வரலாறு

ஆண்டிஸ் மலைநாட்டில் கெச்சுவா மொழி பேசிய மக்கள், லாமாவின் இறைச்சியை மெல்லிய துண்டங்களாக அரிந்து, பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் மாறிமாறி உலர்த்தி 'சார்க்கி' என்னும் உணவாக்கினர். ஸ்பானியர் வாய்வழியே உருமாறிய அச்சொல்லே இன்று 'ஜெர்க்கி' என வழங்குகிறது. தமிழ்நாட்டு உப்புக்கண்டத்துக்கு நெருங்கிய உறவான இவ்வுணவைக் கெடாமல் காத்தவை உப்பும் உலர்வுமே. வெயில் போதாத ஐரோப்பாவிலோ, உப்பிட்ட பன்றித்தொடையோடு சிறிது வெடியுப்பையும், அதாவது பொட்டாசியம் நைட்ரேட்டையும், தேய்த்தால் இறைச்சியின் செந்நிறம் மங்காது என்பதைப் பழக்கத்தால் அறிந்திருந்தனர். பீகாரின் பழஞ்சுவர்களை ஒட்டிய மண்ணிலிருந்து நுனியா மக்கள் காய்ச்சி எடுத்து, பாட்னா வழியே கப்பலேறிய வெடியுப்பு, பீரங்கி மருந்துக்கும் பன்றித்தொடைக்கும் ஒரே சரக்காக இருந்தது.

அது உயிர் காக்கும் பொருள் என்பதோ, உண்மையில் வேலை செய்வது வேறொரு பொருள் என்பதோ நெடுங்காலம் விளங்கவில்லை. சாசேஜ் உண்டவர்கள் கண்ணிமை தொங்கி, தசை தளர்ந்து, மூச்சடங்கி இறந்த நிகழ்வுகளை ஜெர்மானிய மருத்துவர் யுஸ்டினுஸ் கெர்னர் 1820ஆம் ஆண்டையொட்டி விரிவாகப் பதிவு செய்தார். அதற்குக் காரணமான, காற்றில்லாச் சூழலில் வளர்ந்து நஞ்சு சுரக்கும் போட்டுலினம் நுண்ணுயிரைப் பெல்ஜியத்தின் எல்செல் ஊரில் 1895இல் பன்றித்தொடை உண்டு நோயுற்றோரின் நிகழ்வைக்கொண்டு எமில் வான் எர்மெங்கெம் கண்டறிந்தார். இதற்கிடையே 1891இல் எட்வர்ட் பொலென்ஸ்கே, பதன நீரில் இட்ட நைட்ரேட் நுண்ணுயிர்களால் நைட்ரைட்டாக மாறுவதைக் காட்டியிருந்தார். நிறத்தைத் தருவது நைட்ரைட்டே என அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. போட்டுலினத்தை அடக்குவதும் அதுவே எனப் பின்னர் அறியப்பட்டது.

நைட்ரைட்டை நேரடியாகவே இடலாம் என்ற அறிவு வேலையை விரைவாக்கியது. ஆனால் ஆபத்தையும் கூட்டியது. இவ்வரலாற்றின் உயிர்ப்பகுதி இங்கேதான் உள்ளது. முதல் உலகப் போரில் வெடியுப்பு முழுவதும் வெடிமருந்துக்குப் போனதால் ஜெர்மனியில் தூய நைட்ரைட் இறைச்சிக் கூடங்களுக்குள் நுழைந்தது. அளவு தப்பி உயிர்கள் போயின. நைட்ரைட், குருதியின் சிவப்பணுக்களில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அதற்கு உதவாத வடிவாக மாற்றிவிடுவதால், உண்டவரின் உதடும் விரலும் நீலம் பாய்கின்றன. நியூயார்க்கில் 1944இல் ஓர் உணவகத்தில் கறியுப்பென்று எண்ணி நைட்ரைட்டைப் பயன்படுத்தியதால் பதினொரு முதியவர் நீலம் பாய்ந்து வீழ்ந்தனர், ஒருவர் இறந்தார்.

ஜெர்மனி 1934இல் இயற்றிய சட்டம், நைட்ரைட்டைத் தனியே கையாளவிடாமல், 0.5 முதல் 0.6 விழுக்காடு வரை மட்டும் அதைக் கறியுப்போடு முன்கூட்டியே கலந்து விற்கச் செய்தது. தவறு செய்யும் வாய்ப்பைச் சமைப்பவர் கையிலிருந்தே அகற்றிய இவ்வேற்பாட்டை, உணவுப் பாதுகாப்பின் மிகச் சிறந்த சிந்தனைகளுள் ஒன்றாகக் கொள்ளலாம். நைட்ரைட்டை 1925இல் அனுமதித்த அமெரிக்காவில், 6.25 விழுக்காடு நைட்ரைட்டும் எஞ்சியது கறியுப்புமான கலவை நிலைபெற்றது. சாதாரண உப்பென்று யாரும் மயங்காதிருக்க அதற்கு இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றப்பட்டது. இயற்கையிலேயே அந்நிறம் கொண்ட இமயமலை உப்புக்கும் இதற்கும் எவ்வுறவும் இல்லை.

வீட்டில் ஜெர்க்கி செய்வோர் கைக்கொள்ளும் அளவு இதிலிருந்தே பிறந்தது: ஒரு கிலோ இறைச்சிக்கு 2.5 கிராம் கலவை, அதாவது பத்து லட்சத்தில் 156 பங்கு நைட்ரைட். நைட்ரேட்டும் சேர்ந்த 'இரண்டாம் எண்' கலவை மாதக்கணக்கில் முதிரும் சாசேஜுக்கு உரியது. சில மணி நேரத்தில் உலரும் ஜெர்க்கிக்கு அது பொருந்தாது. பதன உப்பு வெப்பத்துக்கு மாற்றும் ஆகாது. ஓரிகனில் 1995இல் வீட்டில் உலர்த்திய மான் இறைச்சியால் ஈ. கோலை தொற்று பரவியது. இறைச்சியை 71 பாகை செல்சியஸ் வரை சூடேற்றிய பிறகே உலர்த்தும்படி அமெரிக்க வேளாண் துறை அறிவுறுத்துகிறது. உலரும்போது நீர் வெளியேறி எடை பெரிதும் குறைந்துவிடுவதால், உப்பை அளப்பது எப்போதும் பச்சை இறைச்சியின் எடையைக்கொண்டே, அதுவும் கரண்டியால் அன்றிக் கிராம் காட்டும் தராசால்.