துறைமுகமும் நகரசபையும்: திருகோணமலை நகர அபிவிருத்தி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நகரொன்றின் மையப்பகுதியைப் புதுப்பிப்பதற்கு நிதி ஒதுக்கும்போது எந்த வீதிக்கு முதலிடம், எந்த வடிகாலுக்கு அடுத்த இடம் என்னும் வினாக்கள் எழுவது இயல்பு. அவ்வினாக்களுக்கு விடை கூறும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பதே வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியது. இவ்வகையில் திருகோணமலை ஓர் அரிய எடுத்துக்காட்டாகும். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றைக் கொண்ட இந்நகரின் சபை, அத்துறைமுகத்தின் செல்வத்தில் பெரும் பங்கு எதனையும் பெற்றதில்லை.

இந்நிலைக்கான வேர் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் உள்ளது. போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் ஆலயத்தை இடித்துக் கோட்டை அமைத்தனர். 1639 இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. 1782 இல் ஒரே ஆண்டில் பிரித்தானியரும் பின்னர் பிரெஞ்சுக்காரரும் அதனைக் கைப்பற்றினர்; 1795 இல் பிரித்தானியர் மீண்டும் வந்தனர். இவர்கள் அனைவரும் விரும்பியது துறைமுகத்தையே. நகரம் கோட்டைக்கும் கப்பற்பட்டறைக்கும் பணிபுரியும் குடியிருப்பாகவே கருதப்பட்டது. 1927 இல் புகையிரதப் பாதை வந்ததும், சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்ததும் பேரரசின் தேவைக்காகவே. அத்தேவைக்குரிய விலையையும் இந்நகரமே செலுத்தியது: 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் இங்கு குண்டு வீசின.

1957 ஒக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. எனினும் நிலத்தின் உரிமையாளர் மாறினரேயன்றி, நிலம் நகரின் பயன்பாட்டுக்கு வரவில்லை. கப்பற்பட்டறை இலங்கைக் கடற்படையிடமும், பிரெட்ரிக் கோட்டை தரைப்படையிடமும் சென்றன. சிங்கப்பூரில் பிரித்தானியக் கடற்படையின் கப்பற்பட்டறை 1968 இல் வணிகக் கப்பற்கட்டுந்தளமாக மாற்றப்பட்டமையை இதனுடன் ஒப்பிட்டு நோக்கலாம். ஒல்லாந்தர் குடாவுக்கும் உட்துறைமுகத்துக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பகுதியில் அமைந்த திருகோணமலை நகருக்கோ, விரிவடைய இடம் அரிதாயிற்று.

சுதந்திரத்துக்குப் பிந்திய சட்டங்களும் அதிகாரத்தை மையத்திலேயே குவித்தன. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தினால் நகர அபிவிருத்தி அதிகாரசபை தோன்றியது. அமைச்சர் ஒரு பிரதேசத்தை அபிவிருத்திப் பிரதேசமெனப் பிரகடனஞ் செய்தால், அதன் திட்டமிடற் பொறுப்பு அவ்வதிகாரசபையைச் சாரும். 1979 இல் நிறுவப்பட்ட துறைமுக அதிகாரசபையின் வருமானம் அதற்கே உரியது. 1980 இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறிமா மாவாலை சீனன்குடாவில், நகரசபை எல்லைக்கு வெளியே அமைந்தது. இவ்வாறு பெருந்தொழில் வளர்ந்தும் நகரசபையின் பணப்பை பெருகவில்லை.

அச்சபைக்கு எஞ்சியவை யாவை? சோலைவரி, சந்தை வாடகை, உரிமக் கட்டணம், முத்திரைக் கட்டணத்தில் ஒரு பங்கு, அரசாங்க மானியம் என்பனவே. இவற்றைக் கொண்டு வீதி, வடிகால், குப்பை அகற்றல், சந்தை, நூலகம் ஆகிய யாவற்றையும் பேண வேண்டும். நாளாந்தக் கடமைகளுக்குப் போக மீந்த சிறு தொகையே புதிய வேலைகளுக்கு உரியது. மீன் சந்தையின் கூரையா, மழைநீர் வடிகாலா, கடற்கரை நடைபாதையா என்னும் தெரிவு அங்கு கற்பனை வினாவன்று. நடைபாதை உல்லாசப் பயணிகளின் கண்ணில் படும். வடிகாலோ மாரிக்காலத்தில் மட்டுமே நினைவுக்கு வரும். வாக்காளரின் முகம் பார்த்துப் பாதீட்டை நிறைவேற்றும் உறுப்பினர்க்கே இவ்விரண்டையும் ஒப்பிட்டு விடை கூறும் கடப்பாடு உண்டு.

பெருந்திட்டங்கள் அச்சபையின் மேசைக்கு வருவதேயில்லை. 1987 இல் இந்திய இலங்கை ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதங்களில் துறைமுகமும் எண்ணெய்த் தாங்கிகளும் இடம்பெற்றன. 2022 சனவரியில் 99 தாங்கிகள் பற்றிய உடன்படிக்கையும், 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவது பற்றிய இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்று நாடுகளின் புரிந்துணர்வும் கைச்சாத்தாயின. இவை அரசுகளுக்கு இடையிலானவை; ஆயினும் இவற்றின் விளைவாக வரும் பாரஊர்தியும் கழிவும் சனநெருக்கமும் நகரின் வீதிகளிலேயே சேரும்.

மக்களாட்சியின் தொடர்ச்சியும் இங்கு அடிக்கடி அறுந்துள்ளது. போர்க்காலத்தில் உள்ளூராட்சித் தேர்தல்கள் ஒழுங்காக நடைபெறவில்லை. 2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்தபின், 2025 மே மாதத் தேர்தல் வரை நாடெங்கும் உள்ளூராட்சி நிருவாகம் அலுவலர் பொறுப்பில் இருந்தது. கிழக்கு மாகாணசபையின் காலம் 2017 இல் முடிவுற்றது. மாகாணசபைத் தேர்தலோ அதன்பின் பல்லாண்டுகள் பிற்போடப்பட்டது. இத்தகைய இடைவெளிகளிலும் நிதி செலவிடப்படுகிறது. ஆனால் ஏன் இதற்கு, ஏன் அதற்கன்று என்று சபையில் எழுந்து கேட்பாரில்லை.

ஆகவே, திருகோணமலையின் குறை வளமின்மையன்று. வளமுள்ள இடமும் பொறுப்புள்ள சபையும் பிரிந்து நிற்பதே ஆகும். துறைமுக வருமானத்தின் ஒரு பங்கு சட்டப்படி நகருக்கு உரித்தாதல், மையத் திட்டங்கள் நகரசபையின் விவாதத்துக்குப் பின்னரே உறுதியாதல், பாதீடு மக்கள் படிக்கத்தக்கதாய் வெளியிடப்படல் ஆகிய மூன்றும் நிறைவேறும் வரை நகரப் புதுப்பிப்பு என்பது பிறர் வரைந்த படத்துக்கு நகரத்தார் வண்ணம் பூசுவதாகவே அமையும். கோட்டையைக் கைப்பற்றியோரின் வரலாறு பலவாறு எழுதப்பட்டுவிட்டது. அக்கோட்டையின் நிழலில் வரி செலுத்தி வாழ்ந்தோரின் வரலாறு இனித்தான் எழுதப்பட வேண்டும்.