கடலுக்கடியில் படம் எடுப்பது தொழிலாகுமா?

தியோமானில் நீங்கள் எடுத்த ஆமைப் படத்துக்கு லைக் குவிகிறது. "இதையே வேலையாக்கினால் என்ன?" என்று தோன்றுகிறதா?

முடியும். ஆனால் படங்களை விற்று மட்டும் பிழைப்பது கஷ்டம். ஓரளவு நிலையான வருமானம் கற்றுக்கொடுப்பதில்தான் இருக்கிறது. அதற்கு நீங்கள் முதலில் நல்ல முக்குளிப்பாளராக வேண்டும்.

படம் ஏன் நீலமாக வருகிறது?

தண்ணீர் ஒளியின் நிறங்களை ஒவ்வொன்றாக விழுங்கும். முதலில் மறைவது சிவப்பு. சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மீன் மங்கிப்போகும்.

தீர்வு? முடிந்தவரை கிட்டே போங்கள். விளக்கைப் பயன்படுத்துங்கள். ஆனால் ஃபிளாஷ் லென்ஸை ஒட்டி இருந்தால் நீரில் மிதக்கும் துகள்கள் வெள்ளைப் புள்ளிகளாகப் படத்தில் விழும். அதைப் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள்.

சிங்கப்பூரின் புலாவ் ஹந்து பக்கம் தண்ணீர் பெரும்பாலும் கலங்கலாக இருக்கும். தூரத்துக் காட்சி கிடைக்காது. ஆனால் ஓடில்லாத சின்னக் கடல் நத்தைகளை நெருக்கத்தில் எடுத்துப் பழக நல்ல இடம்.

கற்றுக்கொடுக்க என்ன தகுதி?

பேடி அமைப்பின் பாதை இது:

• ஓப்பன் வாட்டர்: முதல்படி. 18 மீட்டர் ஆழம் வரை போகலாம்.
• டைவ்மாஸ்டர்: குறைந்தது 18 வயது, 60 முக்குளிப்புகள்.
• பயிற்றுவிப்பாளர்: 100 முக்குளிப்புகள், அத்துடன் தேர்வு.
• நீரடிப் புகைப்படம் கற்றுக்கொடுக்கத் தனிச் சான்றிதழ்.

காசு எப்படி வரும்?

வகுப்புக் கட்டணம், முக்குளிக்க வருபவர்களை எடுத்துத் தரும் படங்கள், வாரயிறுதிப் பயணங்கள், கரையில் நடத்தும் எடிட்டிங் வகுப்பு. ஒன்றை மட்டும் நம்பாமல் பலவற்றைச் சேர்த்துச் செய்வதே நல்லது.

செலவையும் கணக்குப் போடுங்கள். கேமராவின் நீர்புகா உறை, காப்புறுதி, ஆண்டு உறுப்பியம் என்று நீளும். உறையின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கினாலும் தண்ணீர் உள்ளே போய்விடும், கேமரா அவ்வளவுதான்!

பருவமழையும் இருக்கிறது. சுமார் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளில் பல விடுதிகள் மூடிவிடும். அந்த மாதங்களுக்குக் கையில் சேமிப்பு வேண்டும்.

வெளிநாட்டில் கற்றுக்கொடுத்தால் வேலை அனுமதி வாங்கியாக வேண்டும். சிங்கப்பூரில் சுயதொழில் செய்தால், ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டும்போது மெடிசேவுக்குப் பணம் கட்ட வேண்டும்.

எதில் சமரசம் கூடாது?

திரையையே பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் காற்று குறைவதும் தெரியாது, ஆழம் கூடுவதும் தெரியாது. மாணவர்கள் உங்கள் பொறுப்பில் இருக்கும்போது உங்கள் படம் முக்கியமில்லை. கண் அவர்கள்மேல் இருக்கட்டும்.

பவளப்பாறையைப் பிடித்து நின்று படம் எடுக்கவே கூடாது. பல பவளங்கள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு உதை போதும், பல ஆண்டு வளர்ச்சி உடைந்துபோகும். நீங்கள் செய்வதைத்தான் மாணவர்களும் செய்வார்கள்.

எங்கே ஆரம்பிப்பது?

பெரிய கேமராவை இப்போதே வாங்காதீர்கள். முதலில் கையில் எதுவும் இல்லாமல், மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் ஒரே இடத்தில் மிதந்து நிற்கப் பழகுங்கள். அது கைவந்த பிறகு கேமராவை எடுங்கள்.