நாழி நெல் முதல் தொகுப்பூதியம் வரை: உத்திரமேரூர் வட்டாரத்தில் சேவைத் தொழில் ஊதியம்

உத்திரமேரூர் என்றதும் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளே (919, 921) பேசப்படுகின்றன. ஊதிய வரலாற்றைத் தேடுபவர் அங்கிருந்து வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலுக்குப் போக வேண்டும். அவ்வூர் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திரன் (1063–1070) காலத்தில் பொறித்த நீண்ட கல்வெட்டு, கோயிலைச் சார்ந்த பள்ளியிலும் 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலசாலையிலும் (மருத்துவமனை) யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று ஆள்வாரியாகச் சொல்கிறது.

மருத்துவர் சவர்ணன் கோதண்டராம அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு, நிலம் தனி. அறுவை செய்பவருக்கு 30 கலம். மூலிகை, விறகு கொண்டுவந்து மருந்து காய்ச்சும் இருவருக்கும் சேர்த்து 60 கலம், 2 காசு. நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவருக்கு 30 கலம், 1 காசு. நாவிதருக்கு 15 கலம். தண்ணீர் கொண்டுவருபவருக்கும் அவ்வளவே.

ஆண்டை 360 நாளாகவும், கலத்துக்கு 12 குறுணி, குறுணிக்கு 8 நாழி என்றும் வைத்து வகுத்தால் கணக்கு துல்லியமாக விழுகிறது: மருத்துவருக்கு நாளுக்கு மூன்று குறுணி, அறுவை செய்பவருக்கு ஒரு குறுணி, செவிலிக்கும் நாவிதருக்கும் நாலு நாழி. அறுவை செய்பவர் மூலிகை கொண்டுவருபவரைவிட ஒரு காசு குறைவாகப் பெற்றார் என்பது கவனிக்கத்தக்கது. அவர் அன்றாடம் வராதவராக இருக்கலாம். என் கணிப்பில், கத்தி பிடிக்கும் வேலைக்கு இருந்த மதிப்பே அவ்வளவுதான். மறுபக்கம், பள்ளியில் இலக்கணம் கற்பித்தவருக்கு 120 கலம், 10 காசு. ஆதுலசாலையின் இந்த எட்டுப் பேரும் பெற்ற மொத்த நெல்லில் இது சரிபாதி.

இந்த நெல்லை இன்றைய ரூபாயாக மாற்றிக்காட்டுவது ஆய்வாளர்களுக்கு ஆசை. கோயிலுக்குக் கோயில் மரக்கால் வேறுபட்ட நாட்டில் அது வீண்வேலை. ஒரே ஊரில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இருந்த விகிதம்தான் நம்பத்தக்கது. அதைவிட முக்கியம், நிலம் பெற்றவர் யார், அன்றாட நெல்லோடு நின்றவர் யார் என்பது.

நிலம், நெல் என்ற இந்த இருவகை ஊதியம் நீடித்தது. 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த செங்கல்பட்டு சாகீரில் தாமஸ் பர்னார்டு 1774 வரை நடத்திய அளவாய்வு, கணக்கர், காவல்காரர், வெட்டியான், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் முதலானோருக்கு மானிய நிலமும் களத்துமேட்டுப் பங்கும் இருந்ததைப் பதிவு செய்கிறது. விளைச்சலைப் பங்கிடுமுன்பே மேரை, சுதந்திரம் என்று அவர்கள் பங்கு எடுத்துவைக்கப்பட்டது. விலை ஏறினாலும் இறங்கினாலும் அளவு குறையாது. மழை பொய்த்தால் மட்டும் எல்லாருக்கும் குறையும்.

1858இல் அமைந்த இனாம் கமிஷனும் 1864இன் கிராம வரிச் சட்டமும் இந்த ஏற்பாட்டைப் பிளந்தன. வரிவசூலுக்கு வேண்டிய மணியக்காரர், கர்ணம், தலையாரி ஆகியோர் ரொக்கச் சம்பளத்துக்கு மாறினர். கொல்லரும் நாவிதரும் ஊராரின் நெல்லை நம்பியே நின்றார்கள். 1980 நவம்பரில் பரம்பரை மணியக்காரர், கர்ணம் பதவிகள் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்தார். 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டம், ஊர்ப் பெண்கள் பலரை முதன்முறையாக அரசுச் சம்பளப் பட்டியலுக்குள் கொண்டுவந்தது, ஆனால் தொகுப்பூதியத்தில். காலமுறை ஊதியம் கேட்டு நடக்கும் போராட்டங்களின் பொருள் இதுதான்: கேட்பது பணத்தை மட்டுமன்று, ஆண்டுதோறும் உயரும் உரிமையையும்.

இன்று ஊரக வேலையுறுதித் திட்டக் கூலியே (தமிழகத்தில் 2025–26க்கு நாளுக்கு 336 ரூபாய்) கிராமத்தில் மற்றக் கூலிகளை ஒப்பிடும் அளவுகோல். மத்தியத் தொழிலாளர் பணியகம் துப்புரவுப் பணியாளர், ஓட்டுநர் உள்ளிட்டோரின் ஊரகக் கூலியை மாதந்தோறும் திரட்டி, மாநிலச் சராசரியாகவே வெளியிடுகிறது. அதில் உத்திரமேரூரும் தெரியாது. அந்தக் கூலி நிரந்தரமா, தொகுப்பா, ஒப்பந்தமா என்பதும் தெரியாது. ஆள்வாரியாக எழுதிவைத்த திருமுக்கூடல் கணக்கன் அளவுக்காவது, வட்டார அளவில் தொகையோடு ஊதியத்தின் வகையையும் பதிவு செய்யும் அட்டவணையைத் தமிழக அரசின் புள்ளியியல் துறை தொடங்க வேண்டும்.