பழவேற்காட்டு ஏரியில் இறாலின் வலசையும் பாட்டு முறையும்

ஆய்வுச் சுருக்கம்

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டங்களை ஒட்டிய பழவேற்காட்டு ஏரியில் மீனவர் பின்பற்றிவரும் ‘பாடு’ என்னும் முறையைச் சமூக வழக்கமாக மட்டும் காண்பது போதாது. வெள்ளை இறாலின் வாழ்க்கைச் சுழற்சியோடு பொருத்திக் காணும்போது, அம்முறை உயிரின் இயல்பறிந்து அமைக்கப்பட்ட உரிமை ஏற்பாடாக விளங்குவதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பழவேற்காடு, வெள்ளை இறால், பாடு, முகத்துவாரம், நீர்கொழும்பு

முன்னுரை

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பரப்பு ஆந்திரத்திலும் தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. ஆரணியாறும் காளங்கியாறும் ஏரிக்கு நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரம் கடல்நீரைக் கொணர்கிறது. டச்சுக்காரர் 1613இல் இங்குக் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடமாக இவ்வூரே இருந்தது. அதனால் இவ்வூரின் வரலாறு துணி வணிகத்தின் வரலாறாகவே நினைவுகூரப்படுகிறது. அவ்வணிகம் மறைந்துபோனது, முகத்துவாரத்தை நம்பிய மீன்பிடி வாழ்வு நிலைத்தது.

இறாலின் இருவேறு வாழிடங்கள்

வெள்ளை இறால் (பெனேயஸ் இண்டிகஸ்) கடலில் முட்டையிடுகிறது. முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரிகின்றன. முதல் நிலையான நாப்ளியஸ் இளவுயிரி எதையும் உண்பதில்லை. தன் உடலிலுள்ள கருவுணவைக் கொண்டே வாழ்கிறது. நாப்ளியஸ், சோயியா, மைசிஸ் என்னும் நிலைகளைக் கடந்த நுண்குஞ்சுகள் ஏற்ற நீரோடு முகத்துவாரத்தின் வழியாக ஏரிக்குள் புகுகின்றன. உணவும் மறைவிடமும் மிகுந்த ஆழமற்ற நீரில், ஓடு கழற்றிக் கழற்றிச் சில மாதங்கள் வளர்கின்றன. ஆயினும் இனப்பெருக்க முதிர்ச்சியை அவை கடலிலேயே எய்துகின்றன. எனவே இளம் இறால்கள், பெரிதும் இரவு நேரத்து வற்று நீரோட்டத்தோடு கடலுக்குத் திரும்புகின்றன. பரந்த ஏரியில் சிதறி வாழ்ந்த உயிர், திரும்பும் வேளையில் ஒரு குறுகிய வாயில் திரள்கிறது.

பாடு: இடமும் முறையும்

‘பாடு’ என்னும் சொல் இடத்தையும் குறிக்கும், உழைப்பையும் குறிக்கும். ஏரியில் அது வலையிடும் இடத்தையும், அவ்விடத்திற்குரிய உரிமையையும் சுட்டுகிறது. இறாலைத் தேடிச் செல்லும் வலைக்கு இடம் மாறலாம். கழிகள் நட்டு நிறுத்தும் சுத்துவலையோ இறாலின் வரவை எதிர்நோக்கி நிற்பது. ஆகவே எந்த இடம், எந்த இரவு என்பவையே பிடிப்பின் அளவை உறுதி செய்கின்றன. முகத்துவாரத்தை அடுத்த பாட்டை ஒருவரே நிலையாகப் பெற்றால் ஏனையோர் வலைகள் வெறுமையாகும். இதனைத் தவிர்க்கவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர், இடங்களைக் குலுக்கல் வழியாகவும் சுழற்சி முறையிலும் பகிர்ந்துகொண்டனர். இங்கு உரிமை இறாலின் மீதன்று. இடத்தின் மீதும் முறையின் மீதுமே.

இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இதை ஒத்த நிலையைக் காணலாம். அங்கும் கடல் நோக்கித் திரும்பும் இறாலைக் கழிவலையால் பிடிக்கின்றனர். நான்கு மீனவர் சங்கங்கள் இடங்களைப் பகிர்கின்றன. கடலால் பிரிந்த இரு கரைகளில், ஒரே வகை உயிரியல் இயல்பை ஒட்டி ஒத்த ஏற்பாடுகள் நிலவுவது கருதத்தக்கது.

முறையின் எல்லைகள்

பாட்டு முறையைப் பழந்தமிழர் இயற்கைப் பாதுகாப்பு எனப் புகழ்வது பொருந்தாது. வலையில் படும் இளம் இறால் இன்னும் முட்டையிடாதது. வலைகளின் எண்ணிக்கை வரையறுக்கப்படுவதால் ஒரு பகுதி தப்பிச் செல்லக்கூடும். எனினும் அது பகிர்வின் விளைவேயன்றி நோக்கமன்று. பகிர்வும் எல்லார்க்கும் உரியதன்று. பரம்பரை உரிமையுடைய தலைக்கட்டுகளே முறை பெறுகின்றன. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் உள்ளிட்டோர் அதற்குப் புறத்தே நிற்கின்றனர். ஏற்றுமதியால் இறாலின் விலை உயர்ந்தபோது இவ்வெல்லை மோதலுக்கும் இடமளித்தது.

முடிவுரை

கரையோர மணல் நகர்வால் முகத்துவாரம் தூர்ந்து குறுகும்போது, நுண்குஞ்சின் வருகையும் இளம் இறாலின் திரும்புதலும் ஒருங்கே தடைப்படுகின்றன. அப்போது குலுக்கலில் கிடைத்த நல்ல பாடும் பயனற்றதாகிறது. கும்மிடிப்பூண்டிப் பகுதியின் வரலாற்றைத் தொழிற்பேட்டையிலிருந்து தொடங்குவோர், அதன் கிழக்கு விளிம்பில் நிலவும் இந்த நீண்ட உறவையும் கணக்கில் கொள்ளல் வேண்டும். முகத்துவாரம் பற்றிய முடிவுகளில் பாட்டு உரிமை உடையோரும், அவ்வுரிமை மறுக்கப்பட்டோரும் ஒருசேர இடம்பெறுதல் இன்றியமையாதது.