புள்ளைய இப்படிக் குடும்மா

மூங்கில்துறைப்பட்டில் ரயில் நிலையம் இல்லை. தென்பெண்ணையைத் தாண்டி வடக்கே போனால் திருவண்ணாமலை. தெற்கே சங்கராபுரம், அதற்கும் தெற்கே கள்ளக்குறிச்சி. எங்கே போவதானாலும் பஸ்தான். கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டால் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு ஊரும். பஸ் தாமதமாகும், தாமதமாக வரும் பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது. பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டம் வேறு. புதன்கிழமைக்குத் தனிக் கணக்கு உண்டு. தமிழ்நாடு முழுக்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது தடுப்பூசி நாள் என்பதால் அன்று காலைப் பஸ்களில் கைக்குழந்தைகள் அதிகம்.

இடுப்பில் குழந்தை, தோளில் பை, ஒரு கையால் மேல்கம்பி. இப்படி நிற்கும் தாய்க்கு இடம் விடுவது இந்த வழித்தடங்களில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். காலங்காலமாக இருந்துவருவது போலத்தான் தோன்றும். உண்மையில் அதற்கு வயது நூறு கூட ஆகியிருக்காது. அது பஸ்ஸோடு பிறந்த மரியாதை, அதுவும் சுலபமாகப் பிறந்துவிடவில்லை.

பஸ்ஸுக்கு முன்னால் நடைதான். நடை காலத்தில் சுமப்பவர்களுக்காகத் தமிழகம் செய்துவைத்த ஏற்பாடு சுமைதாங்கிக் கல். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். உயரம் ஆளின் தோள் அளவு. தலைச்சுமையோடு சந்தைக்குப் போகிறவர் அடுத்தவரைக் கூப்பிடாமலே மூட்டையை அதன் மேல் சரித்துவிட்டு இளைப்பாறலாம், மறுபடி தலைக்கு மாற்றிக்கொண்டு கிளம்பலாம். இவற்றில் பல, கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவர்களுடைய குடும்பத்தார் நட்டவை. வயிற்றுச் சுமையை இறக்கிவைக்காமலே போனவளுக்கு, வழியில் போகிறவர்கள் இறக்கிவைக்கும் ஒவ்வொரு சுமையும் ஆறுதல் தரும் என்பது நம்பிக்கை. சில கற்களில் அவள் பெயரும் வெட்டியிருக்கும். தாயையும் பிறக்காத பிள்ளையையும் நினைத்துப் பொதுவழியில் ஒதுக்கப்பட்ட இடம் இது. சாலையை அகலப்படுத்தும்போது பிடுங்கிப் போடப்பட்ட சுமைதாங்கிகள் எத்தனையோ. மிச்சம் இருப்பவற்றையாவது ஊர்கள் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்தப் பகுதியை ஒட்டிய கல்வராயன் மலையில் நடை காலம் இன்னும் நீண்டது. ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த அந்த மலை 1976இல்தான் முழுமையாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. சாலை எட்டாத ஊர்களிலிருந்து பிரசவ வலி கண்ட பெண்ணைத் தூளி கட்டித் தூக்கிவருவதுதான் அங்கே வழக்கம். மூங்கில் கழியில் போர்வையோ புடவையோ கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர், ஓடைகளைக் கடந்து பாதை வரை. எதிரே வருகிறவர் ஒதுங்கி நிற்பார், தேவைப்பட்டால் தோள் மாற்றிக்கொள்வார்.

பிறகு வண்டிகள் வந்தன. வண்டியில் இடம் என்பது வேறு விஷயம், அதற்குச் சட்டம் வேண்டியிருந்தது. முதலில் சட்டம் வந்தது ரயிலுக்கு. 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டம், 1891 ஜனவரி 1 முதல் பயணிகள் செல்லும் ஒவ்வொரு ரயிலிலும் கடைசி வகுப்பில் குறைந்தது ஒரு பெட்டி அறையைப் பெண்களுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்றது. ஐம்பது மைலுக்கு மேல் ஓடும் ரயிலானால் அந்த அறையில் கழிப்பிடமும் இருக்க வேண்டும். இன்றுள்ள 1989 சட்டத்தின் 58ஆம் பிரிவிலும் பெண்களுக்கான ஒதுக்கீடு தொடர்கிறது. இரண்டு சட்டங்களும் இடம் ஒதுக்கியது பெண்ணுக்கு, கையில் இருக்கும் பிள்ளைக்கு அல்ல. பிள்ளைக்கான இடத்தைத் தாய்மார்களே செய்துகொண்டார்கள். பெர்த்துக்கும் பெர்த்துக்கும் இடையில் பழம்புடவையைக் கட்டித் தூளியாக்கி, ராத்திரி முழுக்கக் காலால் ஆட்டிக்கொண்டே போன பெண்களைத் தமிழ்நாட்டு ரயில்களில் பார்க்காதவர்கள் குறைவு. 2022 மே மாதம்தான் ரயில்வே, லக்னோ மெயிலின் ஒரு பெட்டியில் கீழ் பெர்த்தோடு மடக்கி விரிக்கும் குழந்தைப் படுக்கையைச் சோதனையாகப் பொருத்திப் பார்த்தது.

பஸ்ஸின் கதை இன்னும் கசப்பானது. தனியார் பஸ்கள் ஓடத் தொடங்கிய காலத்தில், காசு கொடுத்தாலும் ஆதிதிராவிடர்களை ஏற்றமாட்டோம் என்ற முதலாளிகள் சென்னை மாகாணத்தில் இருந்தார்கள். இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், அப்படி மறுக்கும் பஸ்களின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்ட பிறகே அந்த மாவட்டத்தில் கதவு திறந்தது. யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம் என்பது முதலில் உரிமையாக வாங்கப்பட வேண்டியிருந்தது. அது இல்லாமல், முன்பின் தெரியாத பெண்ணின் பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்ளும் வழக்கம் எங்கிருந்து வரும்?

1970களில் பஸ்கள் அரசுடைமையாகி மாவட்டங்களுக்குக் கழகங்கள் பிறந்தன. 1975இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு வந்தது தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம். அந்தப் பெயர் எழுதிய பஸ்கள்தான் இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குள் நுழைந்தன. 1997இல் பெயர் போயிற்று. தென்மாவட்டத்தில் ஒரு புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததும், தலித் வீரர் ஒருவரின் பெயர் தாங்கிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கிளம்பிய எதிர்ப்பு கலவரமாயிற்று. அதன் பிறகு எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. பஸ் இருக்கையில் சாதி எவ்வளவு பிற்காலம் வரை உட்கார்ந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தூரத்தையும் மறந்துவிடக் கூடாது. 1993 வரை மூங்கில்துறைப்பட்டு தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. கலெக்டரிடம் மனு கொடுக்கக் கடலூர் போக வேண்டும், போக மட்டும் நூறு கிலோமீட்டருக்கு மேல். பிறகு விழுப்புரம் மாவட்டத் தலைநகரானது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கியது 2019 நவம்பர் 26 அன்றுதான், அங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில். அதுவரை பெரிய ஆஸ்பத்திரி என்றால் பிள்ளையோடு வெகுதூரம் போகத்தான் வேண்டியிருந்தது. அந்த நேரத்துக்கு இருக்கை என்பது சொகுசாகப்படாது, அத்தியாவசியமாகத்தான் படும்.

இந்த நெருக்கடியில்தான் பஸ்ஸின் எழுதாத சட்டங்கள் உருவாயின. முதலாவது, துண்டுச் சட்டம். பஸ் நிலையத்துக்குள் வண்டி வளைந்து நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு, பை, கூடை, எது கையில் இருக்கிறதோ அது உள்ளே விழும். விழுந்த இடம் அவருடையது. சில வீடுகளில் துண்டுக்குப் பதில் ஐந்து வயதுப் பையனையே ஜன்னல் வழியாக உள்ளே விடுவார்கள். போட்ட துண்டை எடுத்து வீசுவது பெரிய சண்டைக்குக் காரணமாகிவிடும். ஆனால் கைக்குழந்தையோடு ஒருத்தி வந்து நின்றுவிட்டால் துண்டின் அதிகாரம் அங்கே முடிந்தது. துண்டுக்காரர் முணுமுணுக்கலாம், ஆனால் பக்கத்து சீட்டுக் கிழவி விடமாட்டார். “புள்ளக்காரி நிக்கிறா, நீ என்ன துண்டப் போட்டுட்டு ஒக்காந்திருக்க?” இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் யாரும் இல்லை.

இரண்டாவது, கண்டக்டர் நடத்தும் இடமாற்றம். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் தனியாக ஓர் ஆண் இருந்தால், பக்கத்து இடம் காலியாக இருந்தாலும் பெண் தயங்கி நிற்பாள். கண்டக்டர் டிக்கெட் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு தொடங்குவார். “அண்ணே, நீங்க அந்த அண்ணன்கூட ஒக்காருங்க. யக்கா, நீ ஜன்னல் பக்கம் தள்ளு. பாப்பாவ வெச்சிக்கிட்டு நிக்காதம்மா, வந்து ஒக்காரு.” ஓர் அம்மா உட்காருவதற்காக நாலு பேர் எழுந்து இடம் மாறியிருப்பார்கள். யாரும் தன் சீட்டை இழந்திருக்கமாட்டார்கள்.

மூன்றாவது, மடி. யாராலும் எழுந்திருக்க முடியாத அளவு நெரிசல், அல்லது உட்கார்ந்திருப்பவருக்கே முட்டிவலி என்றால், கை நீளும்: “புள்ளைய இப்படிக் குடும்மா.” தாய் நின்றுகொண்டே வருவாள், பிள்ளை முன்பின் தெரியாதவர் மடியில் உட்கார்ந்துவரும். மடிக்குச் சொந்தக்காரர் முந்தானையால் அதன் முகத்தைத் துடைப்பார், பேர் கேட்பார், முறுக்கு ஒன்றை உடைத்துக் கையில் கொடுப்பார். அழுதால் ஜன்னலுக்கு வெளியே மாட்டைக் காட்டுவார். இறங்கும் ஊர் வந்ததும் தலைகளுக்கு மேலாகப் பிள்ளை கைமாறி வாசல் வரை போய்ச் சேரும். பெண்கள் பெண்களிடம் கொடுப்பது அதிகம். வயதானவராக இருந்தால் ஆண்களின் மடிக்கும் போவதுண்டு. எந்தக் கழகமும் இதைச் சுற்றறிக்கையாக அனுப்பவில்லை.

அரசு பின்னால் வந்து சில ஏற்பாடுகளைச் செய்தது. 2015 ஆகஸ்டில், தாய்ப்பால் வாரத்தை ஒட்டி, 350க்கும் மேற்பட்ட பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நல்ல காரியம். ஆனால் பல ஊர்களில் அந்த அறையின் கதவில் பூட்டுத் தொங்குவதும், சாவி யாரிடம் என்று தெரியாமல் தாய்மார்கள் திரும்புவதும் செய்தியாகிக்கொண்டே இருக்கிறது. 2021 மே மாதம் சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. காசு கணக்குப் பார்த்து வீட்டிலேயே இருந்த தாய்மார்கள் பிள்ளைகளோடு ஏறத் தொடங்கினார்கள். 2022 மே மாதம், மூன்று வயது வரை என்றிருந்த குழந்தைகளின் இலவசம் ஐந்து வயது வரை என்றானது.

ஐந்து வயதுக்கு மேல் அரை டிக்கெட். அரை டிக்கெட்டுக்கு முழு சீட்டா என்பது பஸ்ஸில் தீராத வழக்கு. “டிக்கெட் எடுத்திருக்குல்ல” என்று அம்மா சொல்வாள், “அரை டிக்கெட்தானே, மடியில வெச்சிக்கயேன்” என்று நிற்பவர் சொல்வார். முடிவு பெரும்பாலும் நடுவில். பிள்ளை இரண்டு பெரியவர்களுக்கு இடையில், சீட்டின் நுனியில்.

இதே வழக்கு கடல் தாண்டி இன்னொரு உருவத்தில் நடக்கிறது. பிரிட்டனில் சூப்பர் மார்க்கெட் வாசல் அருகே குழந்தையோடு வரும் பெற்றோருக்கென்று கார் நிறுத்துமிடங்கள் உண்டு. வழக்கமானதைவிட அகலமாகக் கோடு போட்டிருப்பார்கள். அங்கே 12 வயது வரை, அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வரை, பிள்ளைக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம். கதவை முழுக்கத் திறந்தால்தான் பிள்ளையைத் தூக்க முடியும் என்பதால் அந்த அகலம். வண்டி நிறுத்த மாற்றுத்திறனாளிகளுக்குத் தரப்படும் நீல அட்டைக்குச் சட்டத்தின் பலம் இருக்கிறது, இந்த இடங்களுக்கோ கடையின் விதி மட்டுமே. பத்து வயதுப் பிள்ளையோடு வருகிறவர் நிறுத்தலாமா, நிறைமாதக் கர்ப்பிணி நிறுத்தலாமா, பிள்ளை வீட்டில் இருக்க அப்பா மட்டும் வந்தால்? சண்டைகள் ஓயவில்லை. கார் கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே இருப்பவர் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. லண்டனில் ரயிலில்கூடக் கர்ப்பிணிகள் தங்கள் நிலையைச் சொல்லும் பேட்ஜைக் குத்திக்கொண்டு வருகிறார்கள். 2005இலிருந்து போக்குவரத்து நிர்வாகமே அதை இலவசமாகக் கொடுக்கிறது. வாய் திறந்து கேட்கும் பழக்கம் இல்லாத இடத்தில் பேட்ஜ் பேச வேண்டியிருக்கிறது.

கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களிலும் இப்போது குளிரூட்டிய பல்பொருள் கடைகள் வந்துவிட்டன. வாசலில் கார்களைவிட பைக்கும் ஸ்கூட்டரும் அதிகம். கணவன், மனைவி, நடுவில் ஒன்று, முன்னால் ஒன்று. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பைக்கில் ஏற்றினால் ஹெல்மெட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022இல் வெளியான மத்திய விதி, 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த வண்டி நெருக்கத்தில் பிள்ளையை இறக்கிவிட இடம் இருப்பதில்லை. சூடான சைலன்சர் பிஞ்சுக் காலுக்குச் சரியாக எட்டும் உயரத்தில் இருக்கும். வாசலுக்குப் பக்கத்தில் நாலு வண்டி நிற்கும் அளவு இடத்தைக் கயிறு கட்டிப் பிள்ளைக்காரர்களுக்கு என்று விட்டால் கடைக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

பலகை மட்டும் மாட்டினால் அதன் கீழேயே நாலு வண்டி நிற்கும், இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒவ்வொரு கடை வாசலிலும் விசிலோடு ஒரு காவலாளி நிற்கிறார். பெரும்பாலும் வயதானவர், பஸ்ஸிலேயே வாழ்நாளைக் கழித்தவர். கண்டக்டரைப் போல அதட்டவும் கெஞ்சவும் அவருக்குத் தெரியும். “தம்பி, வண்டிய அந்தாண்ட போடு, புள்ளக்காரங்க வராங்க” என்று சொல்லும் அதிகாரத்தைக் கடைக்காரர் அவருக்குக் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டால் பழியை அவர் மேல் போடாமல் கூடவே நிற்கவும் வேண்டும்.