புத்தியைக் குறைத்துப் படைத்தவர்கள்

1991 அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மலைச்சரிவுகளில் பரவிய தீயில் 25 பேர் இறந்தார்கள்; மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. அவற்றில் ஒன்று வில் ரைட்டுடையது. நகரம் கட்டி ஆளும் ‘சிம்சிட்டி’ விளையாட்டை 1989-இல் கொண்டுவந்து பெயர் வாங்கியிருந்தவர் அவர். குடும்பம் தப்பிவிட்டது, வீட்டுச் சாமான்தான் மிஞ்சவில்லை. ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கும்போதுதான், இது எதற்கு, இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்ற யோசனை அவரைப் பிடித்துக்கொண்டது.

கட்டடக்கலை அறிஞர் கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டரின் நூல்களில் ஈடுபாடு கொண்டிருந்த ரைட், அந்த யோசனையிலிருந்து முதலில் எண்ணியது வீடு கட்டும் விளையாட்டைத்தான். கட்டிய வீடு நன்றாக இருக்கிறதா என்று யார் சொல்வது? அதற்காகத்தான் குட்டி மனிதர்கள் உள்ளே விடப்பட்டார்கள். வீட்டுக்கு மார்க் போட வந்தவர்கள் விளையாட்டையே எடுத்துக்கொண்டார்கள்.

ரைட்டின் மேக்ஸிஸ் நிறுவனத்தில் இந்த யோசனைக்கு வரவேற்பில்லை. ‘பொம்மை வீடு’ என்று பேர்வைத்தால் எந்தப் பையன் தொடுவான் என்ற கவலை. 1997-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் மேக்ஸிஸை வாங்கிய பிறகே வேலை சூடுபிடித்தது. 2000 பிப்ரவரியில் ‘தி சிம்ஸ்’ கடைக்கு வந்தது.

உள்ளே இருக்கும் பொறிமுறை எளிமையானது. ‘சிம்’ எனப்படும் ஒவ்வொரு குட்டி மனிதனுக்கும் எட்டுத் தேவைகள்: பசி, சொகுசு, சுத்தம், கழிப்பறை, உறக்கம், பொழுதுபோக்கு, பழகிப் பேச ஆள், கண்ணுக்கு அழகான அறை. எட்டும் நேரம் போகப்போக வற்றிக்கொண்டே இருக்கும். அறிவு சிம்மின் தலையில் இல்லை, சாமான்களில் இருக்கிறது. சந்தைக் கடைக்காரர்கள் கூவி அழைப்பதுபோல, ஃபிரிட்ஜ் பசியைத் தீர்க்கிறேன் என்கிறது, சோபா சொகுசு தருகிறேன் என்கிறது. எந்தக் குரல் தன் குறைக்குப் பொருந்துகிறதோ அங்கே சிம் போகிறது. எறும்புகள் தரையில் விட்டுப்போகும் வாசனையைப் பின்பற்றி நடப்பதை வைத்து ரைட் ஏற்கெனவே ‘சிம்ஆன்ட்’ செய்திருந்தார். அந்தப் பாடம் இங்கே உதவியது.

ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. அதுதான் சிக்கல். தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் மனிதர்களுக்கு ஆடுபவர் எதற்கு? ஆகவே வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே அவர்களின் புத்தியைக் குறைத்தார்கள். பசித்தால் சாப்பிடுவான், நாளையைப் பற்றி நினைக்க மாட்டான். வேலை தேட, சமையல் படிக்க, நண்பனைக் கூப்பிட நாம்தான் சொல்ல வேண்டும். சமையல் தெரியாதவனை அடுப்பருகே அனுப்பினால் தீப்பிடிக்கலாம். தன் வீட்டைத் தீயில் இழந்தவர் இதைச் சேர்த்திருக்கிறார் என்பதை என்னால் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை.

இந்த ஆட்டத்தில் வில்லன் நேரம்தான். அங்கே ஒரு நிமிடம் நமக்கு ஒரு விநாடி, ஒரு நாள் 24 நிமிடம். முதல் பதிப்பில் வேலைக்கு விடுமுறையே கிடையாது. இரண்டு நாள் தொடர்ந்து போகாவிட்டால் சீட்டுக் கிழியும். பதவி உயர்வுக்குத் திறமையோடு நண்பர்களும் வேண்டும், நட்போ பேசாவிட்டால் தேயும். ‘ரோஸ்பட்’ என்ற குறுக்குவழிச் சொல்லைத் தட்டினால் ஆயிரம் சிமோலியன் பணம் வரும். ஆனால் வாங்கிக் குவித்த சாமான் பழுதாகும், அழுக்காகும். பெரிய வீட்டில் அடுப்பங்கரைக்கு நடந்துபோகவே பொழுது போகும். பணக்கார சிம்முக்கும் பொழுது போதவில்லை.

பின்னால் வந்த பதிப்புகள் இந்தக் கெடுபிடியைத் தளர்த்தின. நான்காம் பதிப்பில் குறை தீர்ப்பது மிகச் சுலபம் என்று ஆடுபவர்களே முணுமுணுக்கிறார்கள். அது நியாயமான முணுமுணுப்பு என்பேன். 25 ஆண்டு நிறைவையொட்டி, 2025 ஜனவரியில் முதல் பதிப்பு மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. ஆடுவதானால் அதை ஆடுங்கள், ‘ரோஸ்பட்’ தட்டாமல்.